சுதந்திரப் பள்ளு எனக்குக் கற்பித்தது

கவிதை கற்பிக்கும் ஆசிரியர் பலரும் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பது உண்டு. கோட்டின் இடப்பக்கம் ‘வடிவம்’ என்று எழுதுவர்; வலப்பக்கம் ‘பொருள்’ என்று எழுதுவர். எதுகை, மோனை, இயைபு, சீர், தொடை ஆகியன இடப்பக்கம் சேரும். கருத்து, உணர்ச்சி, படிப்பினை ஆகியன வலப்பக்கம் சேரும். மாணவர் இரண்டையும் ஏட்டில் எழுதிக்கொள்வர். தேர்வில் இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் பெறுவர். நானும் இவ்வாறே பல ஆண்டுகள் கற்பித்தேன். அந்தக் கோட்டை அழிக்க வைத்தவள் ஐந்தாம் படிவத்தில் படித்த ஒரு மாணவி. அழிக்க வைத்த பாட்டு, பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் என் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சிரம்பானிலிருந்து புறப்படும் சாலை புக்கிட் தங்கா மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் ஜெலுபு மாவட்டத்தை அடையும். அம்மாவட்டத்தின் தலைமை ஊர் கோலா கிளாவாங். ஒரு காலத்தில் ஈயத்திற்குப் பெயர் பெற்ற வட்டாரம் இது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு தமிழரும் வந்தனர். சுற்றிலும் உள்ள மலாய்க் கம்பங்களில் பெர்ப்பாத்தே என்னும் வழக்கம் நிலவுகிறது. மரபு நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது அவ்வழக்கத்தின் சிறப்பு. அந்த நிலங்களுக்கு நடுவே இருந்த தோட்டத்தில் என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டினார். அவருக்குத் தம் தாயிடமிருந்து கிடைத்தவை ஒரு பித்தளைக் குடமும் பால்வெட்டும் கத்தியுமே. குடியிருந்த லயமும் தோட்டத்திற்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிரை பிடித்து, மங்குகளைத் துடைத்து வைத்து மரம் வெட்டுவார் தாயார். நான் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தேன். பிறகு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். தோட்ட முதலாளிகள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் கூறியது. அச்சட்டத்தின் பயனாய் எழுந்த எத்தனையோ சிறு பள்ளிகளின் வழியில் வந்தது எங்கள் பள்ளியும். அத்தகைய பள்ளியொன்றில் படித்த நான், அத்தகைய பள்ளியொன்றுக்கே இன்று தலைமையாசிரியனாக இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, மாதிரிப் பாடம் நடத்துவதற்கு நான் தேர்ந்தெடுத்த பாடல் சுதந்திரப் பள்ளு. பல்லவி ஒன்று, சரணங்கள் ஐந்து என வகுத்துக் காட்டினேன். எதுகை மோனைகளுக்கு வண்ண எழுதுகோலால் கோடிட்டேன். ‘சமத்துவமும் உழைப்பின் உயர்வும் இப்பாடலின் கருத்து’ என்று முடித்தேன். விரிவுரையாளர் பாராட்டினார். அன்று மாணவர்க்குக் கொடுக்கத் தாளொன்று ஆயத்தம் செய்திருந்தேன். அந்தத் தாளையே சிற்சில திருத்தங்களுடன் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வந்தேன்.

அந்தத் தாளில் ஒன்று விடுபட்டிருந்தது. தவறுதலாக விடுபட்டது அன்று, நானே விட்டது. பாரதியார் அப்பாட்டுக்குச் ‘சுதந்திரப் பள்ளு’ என்று தலைப்பிட்டதோடு நிற்கவில்லை. ‘பள்ளர் களியாட்டம்’ என்னும் துணைத்தலைப்பும் அதற்கு உண்டு. அதை நான் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? அது ஒரு சாதியின் பெயர். வகுப்பில் அச்சாதியைச் சேர்ந்த பிள்ளைகள் இருந்தனர். சேராத பிள்ளைகளும் இருந்தனர். ‘தோட்டத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை’ என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெரட்டில் பார்ப்பதில்லை, கோயில் திருவிழாவில் சிறிது பார்ப்பார்கள், கல்யாணப் பேச்சு எழுந்தால் முழுவதும் பார்ப்பார்கள். அதை அறிந்தே வளர்ந்தவன் நான். அப்பெயரைக் கரும்பலகையில் எழுதினால் சில பிள்ளைகள் தலை குனிவார்கள், சில பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அஞ்சினேன். எனவே விட்டுவிட்டேன். அதைப் பண்பாடு என்று எண்ணிக்கொண்டேன்.

2019ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்கு எங்கள் பள்ளி நூலகத்தில் தமிழ் இலக்கிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் நடக்கவிருந்த பாரதி விழாவுக்காக இப்பாட்டையும் பயிற்றுவித்தேன். வழக்கமான தாளைக் கொடுத்தேன். ஒரு மாணவி நூலகத்துப் பெட்டியிலிருந்து பாரதியார் கவிதைகளின் பழைய பதிப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. தாளில் இல்லையே?” என்றாள்.

“அது அவ்வளவு தேவையில்லை அம்மா,” என்றேன்.

அவள் புத்தகத்தை மூடவில்லை. சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “அது எங்களைப் பற்றியதா, ஐயா?” என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளை நெருங்கிய ஆசிரியப் பணியில் அத்தகைய கேள்வியை நான் சந்தித்ததில்லை. அவள் தலை குனிந்திருந்தாள். எந்தத் தலைகுனிவைத் தவிர்க்க நான் அவ்வரியை மறைத்தேனோ, அதே தலைகுனிவை என் மறைப்பே உண்டாக்கிவிட்டது. ஆசிரியர் மறைக்கிறார் என்றால் அது வெட்கத்துக்குரிய பெயர்தான் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்திருக்கிறாள். “அடுத்த வாரம் சொல்கிறேன்,” என்று மட்டும் கூறி வகுப்பை முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முக்கூடற் பள்ளை எடுத்தேன். பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காகப் படித்த நூல் அது. பள்ளு என்னும் இலக்கிய வகை தொண்ணூற்றாறு சிற்றிலக்கியங்களுள் ஒன்று. உழத்திப் பாட்டு என்பதும் இதனோடு உறவுடைய பெயர். நாட்டுப்புற மெட்டுகளும் சிந்தும் விருத்தமும் கலந்து வரும் நாடகப்பாங்கான வகை இது. வளமான வகை என்பதில் ஐயமில்லை. நெல்லின் பெயர்களும், மாடுகளின் வகைகளும், மீன்களின் பெயர்களும் வேறெந்த இலக்கியத்திலும் இவ்வளவு திரளாகக் கிடைப்பது அரிது. ஆற்றில் வெள்ளம் வருவதைப் பாடும் பகுதிகளைப் படித்தால் நெஞ்சம் குளிரும்.

ஆனால் அன்றிரவு நான் வேறொரு கண்ணோடு படித்தேன். பள்ளின் கதை என்ன? பண்ணையில் உழைக்கும் பள்ளன் ஒருவன். அவனுக்கு மனைவியர் இருவர். முக்கூடலைச் சேர்ந்தவள் மூத்தவள். மருதூரைச் சேர்ந்தவள் இளையவள். இளையவளிடம் மயங்கி அவன் வேலையை மறந்தான் என்று மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுகிறான். மனம் இளகிய மூத்தவளே பிறகு வேண்டி விடுவிக்கிறாள். அவன் விதைக் கணக்குச் சொல்லுகிறான், உழுகிறான், மாடு முட்டி மயங்கி விழுகிறான், எழுந்து மீண்டும் உழுகிறான். விதைப்பும் நடவும் அறுவடையும் நடக்கின்றன. இறுதியில் மனைவியர் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கின்றனர், ஒருத்தி திருமாலையும் மற்றொருத்தி சிவபெருமானையும் பழிக்கிறாள், பின்னர்ச் சமாதானமாகின்றனர்.

கேட்போர் சிரிப்பதற்காக அமைந்த கதை இது. யாரைக் கண்டு சிரிப்பு? தொழுவில் மாட்டப்பட்டவனைக் கண்டு சிரிப்பு. நூறு வகை நெல்லின் பெயரை அறிந்தவனுக்கு ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. பாடலின் கதைமாந்தர் பள்ளர், பாட்டுடைத் தலைவர் வேறு, சுவைப்போர் வேறு. அடக்குமுறை அந்த இலக்கியத்தில் பேசுபொருளாக வரவில்லை. அதன் அமைப்பிலேயே உறைந்திருக்கிறது. தொழுவும் பண்ணைக்காரனும் இல்லாமல் பழைய பள்ளு நகராது.

இதை உணர்ந்த பிறகு சுதந்திரப் பள்ளைத் திறந்தேன். அப்போதுதான் பாரதியார் செய்தது என்ன என்பது விளங்கிற்று. அவர் புதிய வடிவம் ஒன்றைப் படைக்கவில்லை. விடுதலையைப் பாட ஆசிரியப்பாவையோ விருத்தத்தையோ தேர்ந்திருக்கலாம். அவற்றில் அவர் வல்லவர். ஆனால் எந்த மக்களைச் சிரிப்புக்குரியவராய்க் காட்டிய வடிவமோ, அந்த வடிவத்தையே எடுத்தார். எடுத்து, அதிலிருந்து சிலவற்றை நீக்கினார். பண்ணைக்காரன் இல்லை, தொழு இல்லை, மனைவியரின் ஏசல் இல்லை, புரவலனைப் புகழும் பகுதி இல்லை. எஞ்சியவர் யார்? ஆடிப் பாடும் உழவர் மட்டுமே. கவிஞர் ஒரு மரபு வடிவத்தில் எதைச் சேர்த்தார் என்று நாம் மாணவரைக் கேட்கிறோம். எதை விட்டார் என்றும் கேட்க வேண்டும். விட்டதில்தான் இங்கே பொருளின் பெரும்பகுதி இருக்கிறது.

துணைத்தலைப்பை விட்டுவிட்டுப் படித்தால் இவை எவையும் புலப்படா. அப்போது அது விடுதலையைப் போற்றும் பொதுவான பாட்டு. துணைத்தலைப்போடு படித்தால், விடுதலையை அறிவிக்கும் உரிமை யாருக்கு முதலில் தரப்பட்டது என்பது தெரியும். நாட்டின் விடுதலையை அறிவிப்பவர் தலைவர் அல்லர், புலவர் அல்லர், மன்னர் அல்லர். வயலில் நிற்கும் உழவர். அந்தணர் குலத்தில் பிறந்த கவிஞர், அந்தணரை உயர்த்தி அழைக்கும் வழக்கம் ஒழிந்தது என்பதைத் தாம் சொல்லாமல் அவர்கள் வாயால் சொல்ல வைத்தார். ஒருவர் எக்குலத்தில் பிறந்திருந்தாலும் சரி, இப்பாட்டைப் பாட வேண்டுமானால் பள்ளரோடு ஒருவராய் நின்றே பாட வேண்டும். எல்லோரும் சமம் என்ற கருத்து பாட்டினுள் சொல்லாக வருகிறது. அதற்கு முன்பே பாட்டின் அமைப்பில் செயலாக வந்துவிடுகிறது.

இனி வினைச்சொற்களைப் பாருங்கள். பல்லவியில் விடுதலை அடைந்தாயிற்று என்ற முடிவுநிலை கூறப்படுகிறது. ‘விடு’ என்னும் துணைவினை சேர்ந்த இறந்தகாலம் அது. செயல் முற்றுப்பெற்றது, ஐயமில்லை என்னும் துணிவை அது தரும். பாரதியார் மறைந்தது 1921ஆம் ஆண்டில். இந்தியா விடுதலை பெற்றது 1947இல். இருபத்தாறு ஆண்டுகளுக்கும் முன்னரே அவர் எப்படி இறந்தகாலத்தில் பாடினார்? ‘தீர்க்கதரிசனம்’ என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். நானும் அவ்வாறே சொல்லி வந்தேன். ஆனால் வடிவத்தை நோக்கினால் வேறு விடை கிடைக்கிறது. பள்ளு, விதைப்பில் தொடங்கி அறுவடையை நோக்கிச் செல்லும் வடிவம். பாரதியார் அதன் களிப்பு நாளை மட்டும் எடுத்துக்கொண்டார். களியாட்டம் அறுவடைக்கு முன் நடப்பதில்லை. எனவே களியாட்டம் என்னும் வடிவத்தைத் தேர்ந்த அந்த நொடியிலேயே இறந்தகாலம் கட்டாயமாகிவிட்டது. ஒவ்வொரு சரணத்திற்குப் பின்னும் பல்லவிக்குத் திரும்பினால், பாடுவோர் ஆறு முறை அந்த அறுவடையை அறிவிக்கின்றனர். பாடப் பாட நம்பிக்கை ஊறும். 1947 ஆகஸ்டில் விடுதலை வந்தபோது டி. கே. பட்டம்மாள் வானொலியில் இப்பாட்டைப் பாடினார். அன்றுதான் பாட்டின் காலமும் நாட்டின் காலமும் ஒன்றாயின.

சரணங்களின் வினைகள் ஓர் ஒழுங்கில் நகர்கின்றன. முதற் சரணத்தில் நான்கு அடிகளும் போனவற்றைக் கணக்கெடுக்கின்றன. அங்கே ‘போயிற்று’ என்னும் செந்தமிழ் வடிவம் இல்லை. ‘போச்சு’ என்னும் பேச்சு வடிவமே வருகிறது. அது இலக்கண வழு அன்று. பேசுவோர் யார் என்பதற்குச் சான்று. போனவை எவை என்று பார்த்தால், முதலில் போனவை இரண்டு விளிச்சொற்கள். பிறரை உயர்த்தி அழைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் அடிமைத்தனம் தொடங்குகிறது என்பதைக் கவிஞர் கண்டிருக்கிறார். இரண்டாம் சரணம் சமத்துவம் உறுதியானதைச் சொல்லி, அதை உலகுக்கு அறிவிப்போம் என்கிறது. மூன்றாம் சரணம் வந்தவற்றைச் சொல்கிறது. நான்காம் சரணத்தில் செய்வோம் என்பன இரண்டு, செய்யமாட்டோம் என்பன இரண்டு. போனது, வந்தது, செய்வது, செய்யாதது என்று பாட்டு வளர்கிறது. அடக்குமுறையை வெல்வது என்பது ஒரே நொடியில் நிகழும் செயல் அன்று. இந்த நான்கு படிகளும் அதற்கு வேண்டும்.

ஐந்தாம் சரணத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் கவிஞர் ‘அடைந்தோம்’ என்று சொல்லவில்லை, ‘அறிந்தோம்’ என்கிறார். விடுதலையை அடைந்ததாகப் பாடியவர், நாடு நமது என்பதை அறிந்ததாக மட்டும் பாடுகிறார். அந்த ஒரு வினையில் எவ்வளவு எச்சரிக்கை இருக்கிறது! அறிவது முதற்படி, கைக்கொள்வது பிறகு. நாடு விடுதலை பெற்று இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பர் 25ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த மக்கள் அவர்கள். பாட்டில் முடிந்த அறுவடை வயலில் முடியவில்லை. இதை மறைத்துவிட்டு இப்பாட்டைக் கற்பிப்பதும் ஒரு விடுபடல்தான்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, என் தாயாருக்குப் பாரதியாரின் இரண்டு பாடல்களைப் படித்துக் காட்டினேன். தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். முதலில் படித்தது ‘கரும்புத் தோட்டத்திலே’. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற நம் பெண்களைப் பற்றிய பாடல் அது. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாய் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அத்தீவுக்குக் கப்பலேறினர். 1920 சனவரி முதல் நாளில்தான் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ஒழிந்தன. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. ஆயினும் கங்காணி முறை தொடர்ந்தது. அந்த முறையில் வந்தவர்தாம் என் தாயாரின் தந்தை.

தாயார் கேட்டு முடித்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணுங்க ஊருக்குத் திரும்பிப் போனாங்களா தம்பி?” என்று கேட்டார். சிலர் திரும்பினர், பலர் அங்கேயே தங்கிவிட்டனர் என்றேன். பெருமூச்செறிந்தார்.

அடுத்துப் பள்ளைப் படித்தேன். முதற் சரணத்திலேயே அவர் சிரித்துவிட்டார். “சுதந்திரம் வந்து எத்தனை வருஷம் கழிச்சும் நாங்க துரைன்னுதானே சொன்னோம்! வெள்ளைக்காரன் போயிட்டான், அந்தப் பேரு போகலையே!” என்றார். உண்மைதான். மலாயா 1957இல் விடுதலை பெற்றது. நான் பிறந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. நான் வளர்ந்த காலத்தில் நிர்வாகி நம்மவராகவே இருந்தும் அவரைத் துரை என்றே அழைத்தோம். நான்காம் சரணத்தில், பயனற்ற புல்லுக்கு நீர் பாய்ச்சமாட்டோம் என்னும் கருத்து வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “லாலான் புல்லுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? ஆனா நாங்க ஊத்துனோம் தம்பி. ஊத்துனது தெரியாமலே ஊத்துனோம்,” என்றார். எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லாத உரை அது.

இரண்டு பாடல்களும் ஒரே கவிஞருடையவை. இரண்டும் ஒடுக்கப்பட்டோரைப் பற்றியவை. ஒன்று அழ வைத்தது. ஒன்று நிமிர வைத்தது. ஏன்? பிஜிப் பாடலில் அப்பெண்கள் படர்க்கையில் இருக்கின்றனர். கவிஞர் அவர்களுக்காகக் காற்றிடம் வினவுகிறார், காளியிடம் முறையிடுகிறார். அது இரங்கற்பா, அதற்கு உரிய வேலையை அது செவ்வனே செய்கிறது. பள்ளில் பேசுவோர் தன்மைப் பன்மையில் இருக்கின்றனர். அங்கே வருவது ‘நாம்’. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் நீங்குவர்; ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்வர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாய் மொழியில் உண்டு. ‘காமி’ என்றால் கேட்பவரை விலக்கும், ‘கித்தா’ என்றால் சேர்க்கும். எங்கள் தோட்டத்துத் தமிழில் ‘கித்தா’ என்பது ரப்பர் மரத்துக்கும் பெயர். இதைச் சொன்னால் இந்நாட்டு மாணவர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் இலக்கணத்தை மறக்கமாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்; அதன் கீழே துணைத்தலைப்பையும் எழுதினேன். சுண்ணக்கட்டி பிடித்த கை சற்றே நடுங்கிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். “இதை நான் இத்தனை ஆண்டுகளாக எழுதாமல் விட்டது என் தவறு,” என்று மாணவரிடம் சொன்னேன். பள்ளு என்னும் வடிவத்தின் வரலாற்றையும், தொழுவையும், பாரதியார் அதை நீக்கியதையும் விளக்கினேன். பிறகு அந்த மாணவியை நோக்கி, “நீ கேட்டதற்கு விடை ஆம் என்பதே. உன் முன்னோரைத்தான் கவிஞர் முன்னால் நிறுத்தினார். மற்றவர்களாகிய எங்களை அவர்களோடு வந்து நின்று பாடச் சொன்னார்,” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளின் மேற்பகுதியில் விடுபட்ட வரியைத் தன் கையால் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு மாணவனின் தந்தையார் என் வீட்டுக்கு வந்தார். நல்லவர், பள்ளிக்கு உதவுபவர். “ஐயா, ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பிள்ளைகளிடம் ஏன் கிளற வேண்டும்?” என்று பணிவாகக் கேட்டார். நேர்மையான கேள்வி. சாதிப் பெயரை வகுப்பில் உச்சரிப்பதில் இடர் உண்டு. கவனமில்லாத ஆசிரியர் வாயில் அது புண்படுத்தும். அவரை அமரச் செய்து பாட்டைக் காட்டினேன். முழுவதும் படித்தார். “இதை எப்போதும் இழிவாகவே கேட்டிருக்கிறேன், களியாட்டம் என்று இன்றுதான் பார்க்கிறேன்,” என்றார். என் செயலை முற்றும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மகனைத் தொடர்ந்து வகுப்புக்கு அனுப்பினார். பின்னர், 2021ஆம் ஆண்டில், இப்பெயர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரால் வழங்க இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் தமக்கு வேண்டும் பெயரைத் தாமே தேர்ந்துகொள்வதும் அப்பாட்டின் முதற் சரணம் பேசும் பொருளோடு சேர்ந்ததே. இதையும் இப்போது மாணவர்க்குச் சொல்லுகிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சிறு விண்ணப்பம். ஒடுக்குமுறையை எதிர்க்கும் எந்தப் பாடலைக் கற்பித்தாலும் கருத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். பாட்டில் பேசுவோர் யார், யாரோடு பேசுகின்றனர் என்று மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வினைமுற்றுகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாக எழுதச் சொல்லுங்கள். காலமும் இடமும் எங்கே மாறுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். அவ்வடிவம் அதற்குமுன் யாருக்குப் பயன்பட்டது, இக்கவிஞர் அதில் எதை நீக்கினார் என்பதை நீங்கள் எடுத்துரையுங்கள். இவ்வளவும் செய்தபின் ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்டால், கரும்பலகையில் நடுக்கோடு தேவைப்படாது.

அவ்வாண்டுப் பாரதி விழா ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்தது. என் தாயார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எங்கள் மாணவர் எண்மர் மேடையேறினர். பாடுமுன் தலைப்பை அறிவிக்க வேண்டியவள் அந்த மாணவி. தலைப்பைச் சொன்னாள், ஒரு கணம் நிறுத்தினாள், துணைத்தலைப்பையும் சொன்னாள். நூலகத்தில் என்னிடம் கேட்டபோது தாழ்ந்திருந்த குரல் அன்று தாழவில்லை.